தோட்டாவின் கணக்கும் மருந்தின் கணக்கும்

வெடிபொருள்களை இனம் பிரித்து நம் சர்க்கார் வகுத்திருக்கும் அட்டவணையை எடுத்துப் பார்த்தால், முதல் வகுப்பில் கருமருந்தும், அதனை அடுத்து நைட்ரேட் கலவை, நைட்ரோ சேர்மங்கள், குளோரேட் கலவை, பல்மினேட் என்ற பெயர்களும் முறையாக வந்து, ஆறாம் வகுப்பில் துப்பாக்கித் தோட்டா முதலியனவும் ஏழாம் வகுப்பில் பட்டாசும் இடம் பெற்றிருப்பதைக் காணலாம். வேட்டைத் துப்பாக்கியில் இடும் தோட்டாவும், தீபாவளியன்று குழந்தை கையில் பிடித்துச் சிரிக்கும் கம்பி மத்தாப்பும் அடுத்தடுத்த வகுப்பைச் சேர்ந்தவை என்பது சாதாரண ஜனங்களுக்கு விசித்திரமாகப் படலாம். சட்டம் இயற்றியவர்களுக்கு அதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. எரியக்கூடிய பொருளையும், அது எரிவதற்கு வேண்டிய பிராண வாயுவையும் ஒரே கூட்டுக்குள் நெருக்கமாக அடக்கி வைத்து, வேண்டிய கணத்தில் மட்டும் நெருப்பைத் தொடவிடுவதுதான் இரண்டிலும் உள்ள வித்தை. வேண்டாத கணத்தில் நெருப்பு தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற கவலையும் இரண்டுக்கும் பொதுவானதே.

இந்த இரண்டு வகுப்புகளும் ஒரே கலெக்டர் அலுவலக வளாகத்தில் சந்திக்கும் ஜில்லா ஒன்று தமிழ்நாட்டில் உண்டென்றால் அது விருதுநகர்தான். மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று மலையடிவாரத்து மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் நீண்டு கிடக்கின்றன; அங்கே காட்டுப் பன்றி இறங்கும் கொல்லைகளைக் காக்க வேண்டியவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் ஒரு காரியமாக இருந்து வந்திருக்கிறது. கிழக்கே சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று மழை அரிதான, காற்றில் ஈரம் குறைந்த கரிசல் பூமி. இந்தியா தேசம் முழுவதும் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும் பங்கை அங்குள்ள ஆயிரத்தை ஒட்டிய ஆலைகள் செய்து அனுப்புகின்றன. மலையடிவாரத்துத் துப்பாக்கிக்காரருக்கும் கரிசல் காட்டு ஆலை முதலாளிக்கும் லைசென்ஸ் என்னும் காகிதத்தில் சர்க்கார் எழுதிக் கொடுப்பது அடிப்படையில் ஒன்றேதான்: இவ்வளவு வைத்துக்கொள், இதற்கு மேல் வேண்டாம், வைத்திருப்பதற்குக் கணக்கு எழுது. இந்த மூன்று வாக்கியங்களின் பொருளை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் துப்பாக்கியின் கதையைப் பார்ப்போம். தென்பாண்டிச் சீமையில் ஆயுதத்துக்குக் கணக்குக் கேட்கும் வழக்கம் புதியதன்று. பாளையக்காரர்களின் போர் ஓய்ந்து, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்ட பின், 1801-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னைக் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டு, இப்பகுதிப் பிரஜைகள் தம் ஆயுதங்களை ஒப்புவித்துவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பின், 1878-இல், லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது வந்த ஆயுதச் சட்டம் அதே காரியத்தைத் தேசம் முழுமைக்கும் செய்தது. ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு லைசென்ஸ் என்ற அந்த ஏற்பாட்டின் அவமானம் நம் தலைவர்களின் மனத்தில் எவ்வளவு ஆழமாகத் தைத்திருந்தது என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். அஹிம்சையையே தம் மூச்சாகக் கொண்ட காந்தியடிகள் 1930-ஆம் ஆண்டு ஜனவரியில் வைசிராய்க்கு விடுத்த பதினொரு கோரிக்கைகளில், உப்பு வரியை ஒழிப்பது ஒன்று. தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள, மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, லைசென்ஸ் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. மறு வருஷம் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்திலும் ஆயுதம் தாங்கும் உரிமை, விதிகளுக்கு உட்பட்டது என்ற நிபந்தனையோடு, இடம் பெற்றது.

சுதந்திரம் வந்த பின் இயற்றப்பட்ட 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 1962 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் கீழ் வகுத்த 1962-ஆம் வருஷத்து விதிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்து, 2016-இல் புதிய விதிகளுக்கு இடம் விட்டன. பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி கேட்கும் குடியானவரையும், அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில் உறுப்பினராகி .22 ரைபிளால் குறி பார்த்துப் பழக விரும்புகிறவரையும் இந்தச் சட்டம் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, தகுந்த தடை ஏதும் இல்லையெனில் அவர்களுக்கு லைசென்ஸ் வழங்க வேண்டும் என்றே கூறுகிறது. கெடுபிடியான சட்டம் என்று பெயர் வாங்கிய ஒன்றில் இத்தகைய தயவும் இருப்பதைப் பலர் அறியார்.

லைசென்ஸ் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அதில் துப்பாக்கியின் வகையும் எண்ணும் எழுதியிருப்பதை யாரும் எதிர்பார்ப்பார்கள். அதற்குப் பக்கத்தில் தோட்டாவுக்கென்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, ஒரே சமயத்தில் கைவசம் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவு. மற்றொன்று, ஒரு வருஷத்தில் வாங்கக்கூடிய உச்ச அளவு. மேலெழுந்தவாரியாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரே கட்டுப்பாட்டை இரண்டு தரம் சொன்னதுபோல் தோன்றும். உண்மையில் இவ்விரண்டும் வெவ்வேறு ஆபத்துகளை மனத்தில் வைத்து எழுதியவை. வீட்டில் தீப்பிடித்தாலோ திருடன் புகுந்தாலோ ஒரே நாளில் எவ்வளவு கெடுதல் விளையக்கூடும் என்பதை முதல் எண் அளந்து நிறுத்துகிறது. வருஷம் முழுவதும் சிறிது சிறிதாகத் தோட்டா வேறு கைகளுக்குக் கசிந்து போகாமல் இரண்டாவது எண் காவல் காக்கிறது. கண்மாய்க்குக் கலிங்கு ஒன்று, மடை ஒன்று என்று நம் முன்னோர் இரண்டு வைத்தார்களே, அதைப்போன்ற ஏற்பாடு இது. கலிங்கு வெள்ளத்தின் உச்சத்தைக் கவனிக்கும், மடை தினந்தோறும் போகும் நீரைக் கவனிக்கும்.

இந்த இரண்டு எண்களும் உயிரோடு இயங்க வேண்டுமானால் கணக்கு வேண்டும். ஆகவேதான் தோட்டா விற்கும் லைசென்ஸ் பெற்ற வியாபாரி, வாங்குகிறவரின் புத்தகத்திலேயே இன்ன தேதியில், இன்ன ரகம், இத்தனை எண்ணம் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். தம் கடைப் பதிவேட்டிலும் அதையே எழுத வேண்டும். ஒரே கொடுக்கல் வாங்கல் இருவர் கையில் இரண்டு இடத்தில் பதிவாகிவிடுவதால், ஒருவர் மட்டும் எண்ணைத் திருத்திவிட்டுத் தப்ப முடியாது. இப்போது தேசிய ஆயுத லைசென்ஸ் தகவல் தொகுப்பு ஒன்றும் ஏற்பட்டு, ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள். எந்த ஜில்லாவில் பெற்ற லைசென்ஸானாலும் அந்த எண்ணை வைத்துச் சரிபார்த்துவிடலாம். 2019 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம், ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்து, மூன்றாவதை ஒப்படைக்க ஒரு வருஷ அவகாசம் கொடுத்தது. அதே சமயத்தில் லைசென்ஸின் ஆயுளை மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீட்டியும் வைத்தது. கல்யாண ஊர்வலத்தில் ஆகாயத்தை நோக்கிச் சுட்டுக் களிக்கும் வட நாட்டு வழக்கத்துக்கு இரண்டு வருஷம் வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்று அந்தத் திருத்தம் நிர்ணயித்தது. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு வெடி போடுவதோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள் என்பது ஒரு விதத்தில் ஆறுதல்தான்.

லைசென்ஸில் கண்ட நிபந்தனையை மீறினால், அதற்கென வேறு தண்டனை சொல்லப்படாத இடங்களில், ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அதனினும் மிகப் பெரிய குற்றம். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்சம் இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் சிறை உண்டு. ஒரே ஒரு தோட்டாவானாலும் சட்டத்தின் கண்ணில் அது தோட்டாவே. ஆனாலும், தன்னிடம் அது இருக்கிறது என்ற பிரக்ஞை ஒருவருக்கு இருந்தாலொழிய 'வைத்திருந்தார்' என்று சொல்ல முடியாது என்ற நியாயத்தைச் சுப்ரீம் கோர்ட் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் தெளிவாக்கியது. விமான நிலையத்தில் பையைச் சோதிக்கும்போது எப்போதோ மறந்துபோன தோட்டா ஒன்று அகப்பட்டுத் திகைத்து நிற்கும் பிரயாணிகளுக்கு இன்று வரை கைகொடுத்து வருவது அந்த நியாயந்தான்.

இனி, குறி பார்த்துச் சுடுவதையே விளையாட்டாகவும் வித்தையாகவும் கொண்டவர்களின் நிலை என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தைக் காப்பவருக்கு வருஷத்தில் சில பத்துத் தோட்டாக்கள் போதும். போட்டியில் இறங்குகிறவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஆகாயத்தில் எறியும் களிமண் தட்டைச் சுடும் 'டிராப்' என்ற போட்டியை எடுத்துக்கொள்வோம். தகுதிச் சுற்றில் ஒருவருக்கு 125 தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு முறை சுடலாம். ஆக ஒரே போட்டியில் ஒருவர் 250 தோட்டாக்கள் வரை செலவிட நேரலாம். அதற்கு முன் மாதக்கணக்கில் செய்ய வேண்டிய பயிற்சிக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். இதனை உத்தேசித்தே 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விதிகளைத் தளர்த்தி, சர்வதேசப் பதக்கம் பெற்றவர்களும் பெயர்பெற்ற வீரர்களும் ஒரு போட்டிப் பிரிவில் தேர்ந்தவராயின் எட்டு, இரண்டு பிரிவில் பத்து, அதற்கு மேல் பன்னிரண்டு என்று துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதித்ததோடு, பயிற்சிக்காக வருஷத்தில் வாங்கும் தோட்டாவின் அளவையும் கணிசமாக உயர்த்தியது. அளவு உயர்ந்ததேயொழியக் கணக்கெழுதும் கடமை தளரவில்லை. ஒரு குடியானவரின் ஐம்பது தோட்டாவுக்குக் கணக்குக் கேட்பதைவிட ஒரு வீரரின் ஐயாயிரத்துக்குக் கணக்குக் கேட்பதே அவசியம் மிகுந்த காரியம் என்பதை அந்த வீரர்களே ஒப்புக்கொள்வார்கள்.

ஆயினும் எல்லாத் துப்பாக்கிக்கும் இந்தப் பாடு கிடையாது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகப் புகழ் பெற்றது பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில். அதில் மருந்தும் இல்லை, தோட்டாவும் இல்லை; அமுக்கப்பட்ட காற்றின் விசையால் சிறு ஈயக் குண்டு பாய்கிறது. குழலின் உட்குறுக்களவு .177-க்கு மேற்படாமலும், குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருக்கும் ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. துப்பாக்கி சுடும் கலையில் பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோர், கலெக்டர் ஆபீஸ் படியேறாமலே தொடங்கக்கூடிய வழி இது ஒன்றுதான்.

தோட்டாவுக்குள் இருக்கும் மருந்துதான் எவ்வளவு? பன்னிரண்டு போர் துப்பாக்கியின் ரவைத் தோட்டா ஒன்றில் ஏறத்தாழ ஒன்றரை கிராம். .22 தோட்டாவிலோ கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதாவது, ஆயிரம் .22 தோட்டாக்களைக் கொட்டி மருந்தை மட்டும் பிரித்தெடுத்தால் நூறு கிராமை ஒட்டித்தான் நிற்கும். இந்த நூறு கிராமைக் காப்பதற்கு இரண்டு பதிவேடு, தனி அடையாள எண், தேசியத் தகவல் தொகுப்பு, போலீஸ் விசாரணை, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்தல் என்று இத்தனை ஏற்பாடுகள். இதை நான் குறை சொல்லவில்லை. மிக நன்று என்றே சொல்லுகிறேன். இதே அளவுகோலை எடுத்துக்கொண்டு கிழக்கே அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் கரிசல் காட்டுக்குப் போகும்போதுதான் மனம் சஞ்சலப்படுகிறது.

சிவகாசியின் பூர்வ கதை பிரசித்தமானது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதும், அது வேரூன்றிய பின் 1940-ஐ ஒட்டிப் பட்டாசுத் தொழில் பெரிய அளவில் தலையெடுத்ததும் அவ்வூர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்த 1940-ஆம் வருஷந்தான் வெடிபொருள் விதிகளும் புதிதாக வகுக்கப்பட்டன என்பது அவ்வளவாக நினைவில் இருப்பதில்லை. 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டத்தின் கீழ் வந்த அந்த விதிகள் 1983-லும் பின் 2008-லும் புதுப்பிக்கப்பட்டு இன்று நடைமுறையில் உள்ளன. ஆக, பிறந்த நாள் முதற்கொண்டே லைசென்ஸோடு வளர்ந்த தொழில் இது.

ஊரில் யாரிடமாவது ஓர் ஆலையைப் பற்றிக் கேட்டால், அதன் பெயரைச் சொல்வதோடு, அது டி.ஆர்.ஓ. (ஜில்லா வருவாய் அதிகாரி) லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, நாக்பூர் லைசென்ஸா என்பதையும் சேர்த்தே சொல்லுவார்கள். ஒரு சமயத்தில் 15 கிலோவுக்கு மேற்படாமல் செய்யும் சிற்றாலைக்கு ஜில்லா நிர்வாகமே லைசென்ஸ் கொடுக்கும்; அதற்கு மேற்பட்டவை பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு ஸ்தாபனத்தின் சென்னை அலுவலகத்தையோ நாக்பூரிலுள்ள தலைமை அலுவலகத்தையோ நாட வேண்டும். 1898-இல் தோன்றிய அந்த ஸ்தாபனத்துக்குச் சிவகாசியிலேயே ஓர் அலுவலகமும், பட்டாசு ஆராய்ச்சி நிலையமும் உண்டு. சிறியதென்று கருதப்படும் அந்த 15 கிலோவை நம் தோட்டாக் கணக்கில் மாற்றிப் பார்த்தால், பத்தாயிரம் ரவைத் தோட்டாக்களுக்குச் சமமாகிறது. இரண்டு மருந்தும் ஒரே குணமுடையவை அல்ல. தோட்டா மருந்து திறந்த வெளியில் சீறி எரியும், அலுமினியப் பொடி கலந்த பட்டாசு மருந்தோ கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்தே தீரும். ஆகவே இந்த ஒப்பீடு உண்மையான அபாயத்தைக் குறைத்துத்தான் காட்டுகிறது.

ஆலைக்குள்ளும் துப்பாக்கி லைசென்ஸில் கண்ட அதே இரண்டு எண்களின் தத்துவம் நடமாடுகிறது. மருந்து கலக்கும் அறை, குழாயில் செலுத்தும் அறை, காயவைக்கும் மேடை, இருப்பு வைக்கும் மேகசின் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக, விதித்த இடைவெளி விட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருந்து வேலை செய்யலாகாது. இன்ன அளவுக்கு மேல் மருந்து அந்த அறைக்குள் வரக்கூடாது. விபத்தே நேராது என்ற நம்பிக்கையில் எழுதிய விதியன்று இது. விபத்து நேரும், அப்படி நேர்ந்தால் இந்த ஓர் அறையோடு போகட்டும் என்று முன்கூட்டியே மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எழுதிய விதி. அதைப் படிக்கும்போது உடம்பு ஒரு கணம் சிலிர்க்கத்தான் செய்கிறது. எந்திரங்களையும் கட்டடங்களையும் பற்றிப் பேசுவதுபோல நாலு உயிர்களைப் பற்றியும் கணக்குப் போட்டிருக்கிறார்களே என்று தோன்றும். ஆனால் அந்தக் கணக்கை மதிக்காத இடங்களில் நேர்ந்ததை எண்ணிப் பார்க்கும்போது, அதைப் போட்டவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல மனம் வருவதில்லை.

2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்ததை இவ்வட்டாரம் இன்னும் மறக்கவில்லை. ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து ஜனங்கள், அடுத்து நேர்ந்த பெருவெடிப்பில் சிக்கினார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளரே அல்லர். விதிமீறலுக்காக அந்த ஆலையின் லைசென்ஸ் ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஆலையைப் பலருக்குப் பகுதி பகுதியாக உள்குத்தகைக்கு விட்டிருந்ததாக விசாரணையில் பேசப்பட்டது. 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி என்று பட்டியல் நீண்டுகொண்டே வருகிறது.

உள்குத்தகை என்ற இந்த ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் இங்கேதான் கணக்கு தன் உயிரை இழக்கிறது. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் தம் ஆலையிலுள்ள அறைகளை இரண்டு, நான்கு என்று பிரித்துப் பலரிடம் வாடகைக்கு விட்டுவிடுவார். ஒவ்வொரு குத்தகைக்காரரும் தமக்கென மருந்து வாங்கி, தம் ஆட்களை வைத்து, தம் சரக்கைச் செய்வார். லைசென்ஸில் ஒரு சமயத்தில் இவ்வளவு என்று எழுதியிருந்த எண் ஒருவருக்கென எழுதியது. அதை இப்போது ஐந்தாறு பேர், ஒருவர் மற்றவரை அறியாமல், தனித்தனியே தொட்டுக்கொண்டிருப்பார்கள். பதிவேட்டை எழுதுகிறவர் லைசென்ஸ்காரரின் குமாஸ்தா. அவர் பார்வைக்குக் குத்தகைக்காரரின் மூட்டை வராது. ஆகவே விபத்து நடந்த அன்று காலை வரை புத்தகத்தில் பெரும்பாலும் எல்லாம் விதிப்படியே இருக்கும். தோட்டா விஷயத்தில் ஒரே கொடுக்கல் வாங்கலை இரண்டு பேர் இரண்டு இடத்தில் எழுதுகிறார்கள் என்று மேலே சொன்னேனே, அந்த இரண்டாவது பேனா இங்கே இல்லை.

கூலியும் தன் பங்குக்குச் சேர்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் விரைவாகச் செய்யத்தான் மனம் ஓடும். தீபாவளி நெருங்கினால் வியாபாரிகளின் அவசரமும் கூடும். நாலு பேர் இருக்க வேண்டிய அறைக்கு வெளியே மரத்தடியில் இன்னும் சிலர் உட்காருவார்கள். மாலையில் மிஞ்சிய கலவையை விதிப்படி அழிக்காமல், மறுநாளைக்கு ஆகட்டும் என்று வைத்துவிடுவார்கள். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் இருந்துவிட்டால் இரவெல்லாம் அது தனக்குள்ளே சூடேறிக்கொண்டிருக்கும் என்பதும், காலையில் கை வைத்தவுடன் சிறு உராய்வும் போதும் என்பதும் அனுபவமுள்ள போர்மேன்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்திருந்தும் நடக்கிறது. குளோரேட்டும் கந்தகமும் கலக்கக்கூடாது என்று 1992-இலேயே தடை செய்தார்கள். பேரியம் நைட்ரேட்டையும் சரவெடியையும் சுப்ரீம் கோர்ட் 2018 அக்டோபரில் தடுத்தது. எதைக் கலக்கலாம் என்பதற்கு விதிகள் பெருகியிருக்கின்றன. எவ்வளவு கலந்தார்கள் என்று அன்றன்று பார்த்து எழுதும் பழக்கம் அந்த வேகத்தில் பெருகவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

தண்டனையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விதியை மீறி வெடிபொருள் உற்பத்தி செய்தவருக்கு 1884-ஆம் வருஷத்துச் சட்டம் விதிக்கும் உச்ச தண்டனை மூன்று வருஷச் சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீறி வைத்திருந்தாலோ விற்றாலோ இரண்டு வருஷமும் 3,000 ரூபாயும். லைசென்ஸ் இல்லாத ஒற்றைத் தோட்டாவுக்கு இரண்டு வருஷம் குறைந்தபட்சம் என்பதையும், லைசென்ஸை மீறிய பல கிலோ மருந்துக்கு ஐயாயிரம் ரூபாயோடு வெளியேறிவிட முடியும் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. பெரு விபத்து நேர்ந்தால் வேறு கடுமையான பிரிவுகளும் சேரும் என்பது மெய். ஆனால் அவை உயிர் போன பின் வருகிறவை.

மருந்தின் கணக்கு கசிவதால் நேரும் தீங்கு ஆலைச் சுவரோடு நிற்பதும் இல்லை. வீடுகளிலும் ஓடைக் கரைகளிலும் லைசென்ஸின்றிச் சுற்றப்படும் கருந்திரியைப் போலீஸார் பிடிப்பது இந்த ஜில்லாவில் அடிக்கடி வரும் செய்தி. காட்டுப் பன்றியைக் கொல்லத் தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் 'அவுட்டுக்காய்' என்னும் கொடிய சாதனம், தமிழ்நாட்டின் மலையோரங்களில் பன்றியை மட்டும் அல்லாமல் யானைகளையும் வாய் சிதறி மாளச் செய்திருக்கிறது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக்காரர் ஒருவர் சுட்ட தோட்டாவை எங்கே சுட்டார் என்று கேட்கலாம். அவுட்டுக்காயில் இருக்கும் மருந்து எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்று யாரைக் கேட்பது?

பரிகாரம் பெரிய விஷயமன்று. வெடிபொருள் விதிகளே வரவு செலவுப் பதிவேடு வைக்க வேண்டும், அதிகாரி கேட்டபோது காட்ட வேண்டும், களவோ குறைவோ நேர்ந்தால் உடனே போலீஸ் நிலையத்துக்கும் லைசென்ஸ் அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் கூறுகின்றன. வேண்டியது இரண்டாவது பேனா. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் விற்கும் வியாபாரி, வாங்குகிறவரின் லைசென்ஸிலேயே அளவை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்ற தோட்டாக் கடை வழக்கத்தை இங்கேயும் கட்டாயமாக்கினால், 15 கிலோ லைசென்ஸ்காரர் வருஷத்துக்கு எத்தனை டன் மூலப்பொருள் வாங்குகிறார் என்பது அவருடைய புத்தகத்தைத் திறந்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். உள்குத்தகையை மோப்பம் பிடிக்க அதிகாரிகள் வெயிலில் அலைய வேண்டியதில்லை. ஆலை முதலாளிகளில் ஒழுங்காக நடத்துகிறவர்கள் பலர். பக்கத்து ஆலையின் களவுக் கணக்கால் தம் தொழிலுக்கே கெட்ட பெயர் வருவதை அறிந்த அவர்கள் இதை எதிர்க்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சிற்றூர்களில் தீபாவளிக்கு நாலு நாள் முன் தகரக் கொட்டகை போட்டுப் பட்டாசு விற்க எண்ணும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: தற்காலிகக் கடைக்கும் லைசென்ஸ் உண்டு, கடைக்கும் கடைக்கும் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும், ஒன்றுக்கொன்று எதிரெதிராக வாசல் வைக்கக்கூடாது, ஒரே இடத்தில் ஐம்பது கடைகளுக்கு மேல் கூடாது, எண்ணெய் விளக்கு அறவே கூடாது.

கடைசியாக, துப்பாக்கி இருந்த குடும்பத்தவர்களுக்கு. தகப்பனாரோ பெரியப்பாவோ லைசென்ஸ் வைத்திருந்து காலமாகிவிட்டால், அவருடைய பீரோவில் கிடக்கும் துப்பாக்கியும் பழைய தோட்டாக்களும் அன்று முதல் லைசென்ஸ் இல்லாத ஆயுதங்கள் ஆகிவிடுகின்றன. பயந்துகொண்டு கிணற்றில் போடுவதும், மண்ணில் புதைப்பதும், அடுப்பில் இட்டு அழித்துவிடலாம் என்று நினைப்பதும் அபாயம். ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதற்கு நேர் வழி சொல்லியிருக்கிறது: வீண் தாமதம் இல்லாமல் அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அவற்றை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண்ணையும் தோட்டாக்களின் ரகத்தையும் எண்ணிக்கையையும் குறித்து ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தில் தகுதியுள்ள ஒருவர் பின்னர் லைசென்ஸ் பெற்றால், குறித்த காலத்துக்குள் அந்த ரசீதைக் காட்டி ஆயுதத்தைத் திரும்பப் பெறவும், அல்லது உரிமையுள்ள வேறொருவருக்கு விற்கவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது.